வாகா வழியாக வராதவர்

புதன், புது டெல்லி

பாலம் விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் பத்து மணிக்கே போய்விட்டேன். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். எல்லோரும் மிக்–21 பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தேடி வந்தது வேறு ஒன்றை: சுகோய்–7.

இந்த விமானத்தின் முன்னே நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வாய்தான். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான பெரிய திறப்பு. நடுவே ஒரு கூம்பு. அந்த வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்று போகிறது. அதற்கு மேலே, சற்றுப் பின்னால், ஒரே ஒருவர் ஒடுங்கி உட்காரும் அளவுக்கு விமானி அறை. தோள் அகலமான ஆள் எப்படி உள்ளே இறங்கியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சக்கரத்தின் அருகே பூசிய சாயம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அடியில் பழைய சாயம் இன்னொரு நிறத்தில் தெரிந்தது.

சோவியத் தயாரிப்பு, ஒற்றை எஞ்சின். தரை இலக்குகளைத் தாக்குவதற்கென்றே வாங்கியது. உடல் கெட்டியானது, ஆனால் எரிபொருளை அப்படிக் குடிக்கும். குண்டுகளை ஏற்றிக்கொண்டால் எல்லை தாண்டி வெகுதூரம் போக முடியாது. இலக்கை நெருங்கும்போது தாழப் பறந்தாக வேண்டும். கீழே காத்திருக்கும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்கு அதுவே தோதான உயரம். 1971 இந்திய–பாகிஸ்தான் போரில் சுகோய்–7 படைப்பிரிவுகள் அதிகமான விலை கொடுத்தன.

அப்படி ஒன்றில் ஏறிப் போனவர்தான் ஃபிளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே. 32ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். டிசம்பர் முதல் வாரத்தில், பாகிஸ்தான் பஞ்சாபிலுள்ள ஷோர்கோட் ரோடு விமானத் தளத்தைத் தாக்கப் போனார். இன்று அந்தத் தளத்துக்கு ரஃபீக்கி என்று பெயர். விமானம் சுடப்பட்டது. அவர் திரும்பவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் அவர் விழுந்தபோதே இறந்தாரா, பிடிபட்டாரா, பிடிபட்டு எப்போது இறந்தார் என்று அவர் மனைவிக்கு யாரும் எழுத்தில் சொல்லவில்லை.

அவருடைய கதையை வருடக்கணக்கில் படித்து வந்திருக்கிறேன். அந்த ஊர்களின் வழியாக ஒருமுறை போய்வர வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பயணம். நாளுக்கு நாள் எழுதிப் பதிகிறேன்.

வியாழன், புது டெல்லி

இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவிடம். 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சக்கரங்கள். அவற்றில் தியாகச் சக்கரம் என்பது கிரானைட் பலகைகள் பதித்த சுவர்கள். சுதந்திரத்துக்குப் பின் உயிரிழந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொன்னிற எழுத்தில் வரிசையாக இருக்கின்றன. மதிய வெயிலில் கல் சுட்டது. ஒரு பெண்மணி துப்பட்டாவின் நுனியால் ஒரு பெயரை மட்டும் துடைத்துவிட்டுப் போனார்.

1971 விமானப் படைப் பலகைகளின் முன்னால் போய் நின்றேன், ஆனால் தாம்பேயின் பெயரைத் தேடவில்லை. அவர் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு மனைவி இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கல்லில் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பரம வீர சக்கரம் பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் தனியே ஒரு தோட்டத்தில் இருக்கின்றன. அங்கே நிர்மல் ஜித் சிங் செகோன் இருக்கிறார். விமானப் படையில் அந்த விருதைப் பெற்ற ஒரே ஒருவர். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைத் தாக்க வந்த பாகிஸ்தான் விமானங்களைத் தனியாளாக எதிர்த்து வீழ்ந்தார். அவருடைய உடலும் கிடைக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. தேடித் தேடிப் பார்த்தும் மலை இடுக்கில் விமானத்தின் சிதைவுதான் அகப்பட்டது. ஆனாலும் அவர் விழுந்தது நம் மண்ணில். தளத்தில் இருந்தவர்கள் கண்ணெதிரே நடந்த சண்டை. அவர் குடும்பத்துக்குத் துக்கம் இருந்தது, சந்தேகம் இல்லை. எல்லைக்கு அப்பால் விழுந்தவரின் வீட்டுக்கு அந்தத் துக்கம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை.

தாம்பேயின் மனைவி தமயந்தி இந்த நகரத்தில்தான் வேலை பார்த்தார். தேசிய பாட்மின்டன் சாம்பியன், 1970ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்றவர். திருமணமாகி 18 மாதத்தில் கணவர் போருக்குப் போய்விட்டார். அப்போது தமயந்திக்கு இருபதுகளின் தொடக்கம். பிறகு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அமைச்சர்களுக்கும் பிரதமர்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். அவரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. எத்தனை பேரிடம்தான் அவர் அதையே மறுபடி மறுபடி சொல்வார்?

வெள்ளி, அம்பாலா

சதாப்தியில் வந்து இறங்கினேன். டெல்லியிலிருந்து 200 கிலோமீட்டர் தூரம். ஜன்னலுக்கு வெளியே நெடுக வயல்கள், இடையிடையே செங்கல் சூளைகள்.

அம்பாலா கன்டோன்மென்ட் ஊர் முழுக்கப் படை வாசனை. சதர் பஜாரில் சீருடை தைக்கும் கடைகள், பதக்கப் பட்டி விற்கும் கடைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் தொப்பிகள். விமானத் தளம் மதிலுக்கு அப்பால். உள்ளே போக நம்மைப் போன்றவர்களுக்கு அனுமதி கிடையாது. 2020 ஜூலையில் ரஃபேல் விமானங்கள் முதலில் வந்து இறங்கியதும் இங்கேதான். நான் நின்றிருந்தபோது ஒரு ஜோடி விமானம் மேலே போயிற்று. சத்தம் வந்து சேர்வதற்குள் அவை கண்ணுக்கு மறைந்துவிட்டன.

போர் வெடித்தபோது தாம்பே தம்பதி இந்த ஊரில்தான் குடியிருந்தார்கள். 1971 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை மாலை, பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லையிலுள்ள நமது தளங்களைத் தாக்கின. அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர், ஜோத்பூர் என்று நீண்ட அந்தப் பட்டியலில் அம்பாலாவும் இருந்தது. அன்று இரவிலிருந்தே நமது விமானங்கள் எல்லை தாண்டத் தொடங்கின.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டீக்கடைப் பெரியவர், வயது எண்பதை நெருங்கும். “பாபுஜி எங்கிருந்து வருகிறீர்கள்?” என்றார். தமிழ்நாடு என்றதும் இன்னொரு பெஞ்சை இழுத்துப் போட்டார். அந்த டிசம்பரைக் கேட்டேன். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியதையும், வண்டி விளக்குகளின் மேல்பாதிக்குக் கறுப்புச் சாயம் அடித்ததையும், இரவில் பீடி பற்றவைத்தால்கூடத் தெருவில் யாராவது அதட்டியதையும் சொன்னார். விமானங்கள் புறப்படும்போது எண்ணுவோம், திரும்பும்போதும் எண்ணுவோம் என்றார். “நாங்கள் கடைக்காரர்கள், எங்களுக்கு எண்ணிக்கைதான் தெரியும். குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குப் பேர் தெரியும்.”

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சனி, அமிர்தசரஸ்

காலையில் பொற்கோயில். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அட்டாரி போகும் சாலையில் பஞ்சாப் அரசின் போர் வீரர் நினைவிடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2016இல் திறந்தது. 45 மீட்டர் உயரத்துக்கு எஃகு வாள் ஒன்று வானைப் பார்த்து நிற்கிறது. வெளியே விமானம், பீரங்கி வண்டிகள், விக்ராந்த் கப்பலின் மாதிரி. உள்ளே 1971 கூடத்தில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வது டாக்கா சரணாகதிக் காட்சியின் முன்னால்: ஜெனரல் நியாஸி கையெழுத்திட, அருகில் ஜெனரல் அரோரா. 93,000 பேர் நம்மிடம் சரணடைந்தார்கள். அந்த எண்ணைச் சொல்லும்போது நம் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்கிறது. எனக்கும் நிமிர்ந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் நிற்க நிற்க ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. 93,000 பேரைக் கையில் வைத்திருந்த நாடு, தன் 54 பேரை ஏன் கேட்டு வாங்கவில்லை?

‘காணாமல் போன 54 பேர்’ என்று அவர்களை மொத்தமாகச் சொல்கிறார்கள். தரைப்படையினர், விமானப் படையினர் எல்லோரும் அதில் உண்டு. பாகிஸ்தானிலுள்ள பாதின் மீது டிசம்பர் 13 அன்று சுடப்பட்ட மிக்–21 படைப்பிரிவுத் தலைவர், விங் கமாண்டர் எச்.எஸ். கில் அவர்களில் ஒருவர். எல்லோரும் உயிரோடு பிடிபட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் விழுந்த இடத்திலேயே இறந்திருக்கலாம். ஆனால் சிலரைப் பற்றிய தடயங்கள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல.

தாம்பேயையே எடுத்துக்கொள்வோம். அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் வெளிவந்த ‘சண்டே பாகிஸ்தான் அப்சர்வர்’, 1971 டிசம்பர் 5 தேதியிட்ட இதழில், ஐந்து இந்திய விமானிகள் உயிருடன் பிடிபட்டதாகச் செய்தி போட்டது. அதில் அவர் பெயர் இருந்தது. எதிரி நாட்டுப் பத்திரிகைக்குப் போர் நடக்கும்போதே ஒரு விமானியின் பெயர் எப்படித் தெரியும்? அவரிடமோ அவர் பையில் இருந்த அடையாள அட்டையிலோதான் கிடைத்திருக்க வேண்டும். உயிரோடு இருந்தாரா என்பதில் செய்தி தவறியிருக்கலாம். ஆனால் ‘தாம்பே என்று யாரும் எங்கள் கையில் சிக்கவில்லை’ என்று பாகிஸ்தான் பிற்பாடு சொன்னது மட்டும் நம்பும்படியாக இல்லை. உடல் கிடைத்திருந்தால் அது எங்கே? 1978இல் லயல்பூர் சிறையில் அவரைப் பார்த்ததாக அவருடைய உறவினர் ஒருவர் சொன்னார். அதை உறுதி செய்ய வழியில்லை. பத்திரிகைச் செய்தியோ அச்சில் இருக்கிறது.

மேஜர் ஏ.கே. கோஷின் கதை இன்னும் துலக்கமானது. 1971 டிசம்பர் 27 தேதியிட்ட ‘டைம்’ இதழில், கம்பிக்குப் பின்னால் இருந்து பார்க்கும் ஓர் இந்தியக் கைதியின் படம் வந்தது. அது தங்கள் பிள்ளைதான் என்று குடும்பத்தார் அடையாளம் காட்டினார்கள். அவரும் திரும்பவில்லை.

மேஜர் அசோக் சூரியை எடுத்த எடுப்பிலேயே ‘போரில் இறந்தவர்’ என்று அறிவித்துவிட்டார்கள். 1974 டிசம்பர் கடைசியில் அவருடைய தந்தைக்கு ஒரு துண்டுக் கடிதம் வந்தது, நலமாக இருக்கிறேன் என்று. 1975இல் இன்னொன்று, கராச்சியிலிருந்து, இங்கே 20 அதிகாரிகள் இருக்கிறோம் என்று. கையெழுத்தைச் சோதித்து அவருடையதுதான் என்று உறுதி செய்தார்கள். ‘இறந்தவர்’ என்பதைக் ‘காணாமல் போனவர்’ என்று அரசு மாற்றிக்கொண்டது. அந்தத் தந்தை டாக்டர் ஆர்.எஸ். சூரி, மற்றக் குடும்பங்களையும் திரட்டிக்கொண்டு சாகும்வரை அலைந்தார்.

1979 ஏப்ரலில் மக்களவையில் ஒரு கேள்விக்குப் பதிலாக, வெளியுறவுத் துறை இணை அமைச்சர் சமரேந்திர குண்டு, பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம்பப்படும் 40 பேரின் பட்டியலை வைத்தார். அதாவது நம் அரசே நம்பியது. அதன்பின் 1983இல் உறவினர்கள் ஆறு பேர் முல்தான் சிறைக்குப் போனார்கள். 2007 ஜூனில் 14 பேர் பல சிறைகளுக்குப் போனார்கள். அறைகளைக் காட்டினார்கள், பதிவேடுகளைப் புரட்டிக் காட்டினார்கள். யாரும் கிடைக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டு கழித்து, முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் யார் கிடைப்பார்கள்?

ஞாயிறு, அட்டாரி

அமிர்தசரஸிலிருந்து 30 கிலோமீட்டர். எல்லையில் நம் பக்கம் அட்டாரி, அந்தப் பக்கம் வாகா. மதியமே போனால்தான் இடம் கிடைக்கும் என்றார் ஆட்டோக்காரர். எல்லை வாயிலில் மாலைதோறும் நடக்கும் கொடியிறக்கம் இப்போது முன்போல் இல்லை. 2025இல் பஹல்காமில் நடந்த கொலைகளுக்குப் பிறகு நம் பக்கத்து வாயிலைத் திறப்பதில்லை, இரு நாட்டு வீரர்களும் கைகுலுக்குவதில்லை. கூட்டத்துக்கு மட்டும் குறைவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு, முகத்தில் மூவண்ணம் பூசிய பிள்ளைகள். பூட்ஸ் அணிந்த காலைத் தலைக்கு மேல் தூக்கி வீரர்கள் தரையில் அறையும்போது நானும் மற்றவர்களோடு கத்தினேன்.

என் கண் மட்டும் அந்தச் சாலையின் மேலேயே இருந்தது. சாதாரணத் தார்ச்சாலைதான்.

1972 டிசம்பர் 1 அன்று இந்தச் சாலை வழியாகத்தான் 600க்கும் மேற்பட்ட இந்தியப் போர்க்கைதிகள் திரும்பினார்கள். ராவல்பிண்டி முகாமில் இருந்த விமானிகள் 12 பேரும் அவர்களில் உண்டு. அந்த முகாமிலிருந்து மூன்று பேர் தப்பியோடியது தனிக் கதை. திலீப் பாருல்கர், கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி ஆகிய மூவரும் ஆகஸ்டில் சுவரைக் குடைந்து வெளியேறி, ஆப்கான் எல்லைக்குச் சில கிலோமீட்டர் தூரம்வரை போய்விட்டார்கள். லண்டி கோத்தலில் நின்று, வரைபடத்தில் பார்த்த ‘லண்டி கானா’ ரயில் நிலையத்துக்கு வழி கேட்டார்கள். அந்த நிலையத்தை 1932லேயே மூடிவிட்டார்கள். மூடிப்போன நிலையத்துக்கு வழி கேட்பவர்கள் யார் என்று சந்தேகம் வந்து பிடித்துவிட்டார்கள். அத்தனை துணிச்சல் செய்தும் அவர்கள் உயிரோடு ஊர் திரும்பினார்கள் என்றால், அவர்கள் பெயர் பதிவாகியிருந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கையில் பட்டியல் இருந்தது.

1949 ஜெனீவா ஒப்பந்தம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கைதியானவர் முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் தன் வீட்டுக்கும், கைதிகளுக்கான மையத் தகவல் அமைப்புக்கும் ஓர் அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விட்டுவிட வேண்டும். அந்த ஓர் அட்டை எழுதப்படாதவர்களைத்தான் நாம் இன்றுவரை தேடுகிறோம்.

2019இல் நம் சென்னைக்காரர் அபிநந்தன் வர்த்தமான் பிடிபட்டார். ஊர்மக்கள் அடித்ததும், பிறகு டீ கொடுத்ததும், அவர் பேசியதும் சில மணி நேரத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. பிப்ரவரி 27 பிடிபட்டவர், மார்ச் 1 இரவு ஒன்பது மணிக்கு மேல் இந்த வாயிலில் நடந்து வந்தார். அன்று காலையிலிருந்தே மாலையோடு இங்கே காத்திருந்தது கூட்டம். டி.வி. முன்னால் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பிடிபட்டதை எல்லோரும் பார்த்துவிட்டால் பிறகு ‘இல்லை’ என்று சொல்வது கடினம். தாம்பேக்கு வாய்த்தது ஒரு பத்திரிகைச் செய்தி மட்டும்.

இன்னொரு நாளையும் இந்தச் சாலையோடு சேர்த்தே நினைக்கிறேன். 1974 ஏப்ரல் 30. அன்று ஜெனரல் நியாஸி இங்கே எல்லை தாண்டினார். 93,000 பேரைத் திருப்பி அனுப்பும் வேலை அத்தோடு முடிந்தது. அசோக் சூரியின் முதல் கடிதம் அவர் தந்தைக்குக் கிடைத்தது அதே ஆண்டு டிசம்பரில். எட்டு மாத இடைவெளி. அந்தக் கடிதம் வந்தபோது பேரம் பேச நம் கையில் ஒரு கைதிகூட மிச்சமில்லை. 1972 ஜூலையில் சிம்லாவில் கையெழுத்திட்டபோதும், 1973 ஆகஸ்டில் டெல்லி உடன்பாட்டின்போதும், பெயர் பெயராக ஒரு பட்டியலை மேசையில் வைத்து ‘இவர்களுக்கு என்ன ஆயிற்று, ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லுங்கள், அதன்பிறகு உங்கள் ஆட்களை அழைத்துப் போங்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். வங்கதேசத்தை அங்கீகரிப்பது, காஷ்மீர்க் கோடு என்று பெரிய விஷயங்கள் பேசினார்கள். அவை தேவையில்லை என்று சொல்லவில்லை. 54 பெயர்களைக் கேட்க அதிகம் போனால் அரை நாள் ஆகியிருக்கும்.

பாகிஸ்தான் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் எதிரியிடம் எதிர்பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நம்மவர்களிடம் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. 2011இல் குஜராத் உயர் நீதிமன்றம் இதைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு போகும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அரசு மேல்முறையீடு செய்து, உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2015இல் அதே நீதிமன்றத்தில், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது, இறந்திருப்பார்கள் என்று கருதுகிறோம் என்றது அரசுத் தரப்பு.

இருட்டியதும் கூட்டம் கலைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கோயம்புத்தூர்க்காரர், குடும்பத்தோடு வந்திருந்தார். “அபிநந்தன் இந்த வழியாகத்தானே சார் வந்தார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாம்பேயைப் பற்றிச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. வண்டி நிறுத்தும் இடம்வரை கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், “இப்போது இருந்தால் அவருக்கு எண்பதுக்கு மேல் ஆகியிருக்குமே. இனிமேல் அந்த அம்மாவுக்கு அரசாங்கம் என்ன சார் செய்ய முடியும்?” என்றார்.

செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது என்றேன். அந்த 54 பேரைப் பற்றி நமது அமைச்சகங்களில் இருக்கும் கோப்புகளைத் திறந்து, எந்த ஆண்டு, எந்தச் சந்திப்பில், யார் பெயரைக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதைக் குடும்பங்களிடம் கொடுக்கலாம். அதற்கு இஸ்லாமாபாத்தின் அனுமதி வேண்டாம். ஊர் திரும்பியதும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைத்தான் எழுதப் போகிறேன். கோயம்புத்தூர்க்காரர் தன் எம்.பி.க்கும் எழுதுவதாகச் சொல்லி, கைப்பேசியில் தாம்பேயின் பெயரைக் குறித்துக்கொண்டார். எழுத்து சரியா என்று என்னிடம் காட்டிக் கேட்டார்.